நாலு வளைவுக்கு ஒரு பாடம்

என் கணவரின் ஜீப்புச் சாவியோடு நீல நிறப் பென் டிரைவ் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். அதன் மூடி எங்கோ தொலைந்துவிட்டதால் பழைய பேனா மூடி ஒன்றை வெட்டி மாட்டியிருந்தார். முதலில் அதில் இருந்தவை பாட்டுகள்தான். விடிவதற்கு முன்பே போடிநாயக்கனூரிலிருந்து கேரளத்து ஏலத் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறுகிற ஜீப்புகளில் பாட்டு இல்லாமல் ஒன்றும் ஓடாது. பாட்டு நின்றால் பின்னாலிருந்து அதட்டல் வரும் என்பார். அப்படிப்பட்டவர் ஒருநாள் சாயங்காலம் அந்தப் பென் டிரைவைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்து, "பாதிப் பாட்ட அழிச்சிட்டேன். ஒன் பாடத்த இதுல ஏத்து" என்றார். பல வருஷமாகத் தேடித் தேடிச் சேர்த்த பாட்டுகள் அவை. எதை அழித்தார், எதை மிச்சம் வைத்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நான் போடியில் ஒரு கல்லூரியில் பொருளியல் கற்பிக்கிறேன். அவர் என் தாய்மாமன் மகன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, ஜீப்பில் கிளீனராக ஏறி, பிறகு சொந்தமாக ஒரு வண்டி வாங்கியவர். என்னை மேலே படிக்க வைத்தவர் அவர்தான் என்று சொன்னால் அவரே ஒத்துக்கொள்ள மாட்டார். நீ படிக்கும்போது குறுக்கே நிற்காமல் இருந்தேன், அவ்வளவுதான் என்பார். ஆனால் நான் ஆய்வுக்காக மதுரைக்குப் போகும்போதெல்லாம் கூடவே வந்து, பல்கலைக்கழகத்துக்கு வெளியே மரத்தடியில் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தவர் அவர். என் ஆய்வேடு பைண்டிங் ஆகி வந்த அதே வாரத்தில் ஜீப்புக்குப் புது டயர் மாற்றினார். இரண்டுக்கும் சேர்த்து ஒரே நாளில் பூசை போட்டோம். ஆய்வேட்டின் அட்டையிலும் டயரிலும் ஒரே சந்தனம், ஒரே குங்குமம். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு நிமிர்ந்து, "ஒன் புத்தகத்துக்கு எங்குட்டு வைக்க?" என்று கேட்டார்.

எழுதும்போது இனிக்கிறது. ஆனால் அந்த வருஷங்களில் எனக்குள் ஒரு கூச்சம் இருந்தது. அதையும் எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்புக்கு அர்த்தமில்லை. என்னோடு வேலை பார்த்தவர்களின் கணவர்கள் வங்கியிலோ மின்வாரியத்திலோ இருந்தார்கள். கல்லூரிப் படிவங்களில் கணவர் தொழில் என்ற இடத்தில் நான் 'சுயதொழில்' என்று எழுதுவேன். ஜீப்பு ஓடாத நாட்களில் என்னைக் கல்லூரிக்குக் கொண்டுபோய் விடுவார். வாசல் வரைக்கும் வர மாட்டார். முந்தின தெருமுக்கிலேயே வண்டியை நிறுத்தி, "இங்கனயே எறங்கிக்க புள்ள, அங்க திருப்ப எடம் பத்தாது" என்பார். எங்கள் கல்லூரி வாசலில் இரண்டு பஸ்சு தாராளமாகத் திரும்பும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை அவராகவே புரிந்துகொண்டு, அதற்கு ஒரு காரணத்தையும் அவரே கண்டுபிடித்துக் கொடுத்தார். நானும் அதைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனேன்.

கொரோனா வந்து கல்லூரியை மூடினார்கள். வகுப்பையெல்லாம் இணையத்தில் எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. எங்களுக்குக் குழந்தை இல்லை. அதற்கென்று கட்டிய ஓர் அறை சும்மா கிடந்தது. அதில் மேஜையைப் போட்டு, சுவரில் வெள்ளைத் துணியைக் கட்டி, வகுப்பறை ஆக்கினேன். காலை பத்து மணிக்கு மடிக்கணினியைத் திறந்தால் வட்ட வட்டமாக எழுத்துகள் தெரியும். ஒவ்வொரு வட்டமும் ஒரு மாணவி. "கேட்கிறதாம்மா?" என்பேன். பதில் வராது. முக்கால் மணி நேரம் குறிப்பைத் திரையில் காட்டி வாசிப்பேன். முடிந்ததும் வட்டங்கள் காணாமல் போகும். சில வட்டங்கள் போகவே போகாது. பேர் கூப்பிட்டாலும் அசையாது. போனைத் திறந்து வைத்துவிட்டு எங்கோ போய்விட்டிருப்பார்கள். எனக்குக் கோபம் வந்தது. எல்லாரும் கேமராவைப் போட்டுத்தான் ஆக வேண்டும், போடாதவர்களுக்கு வருகை கிடையாது என்று அறிவித்தேன். மறுநாள் இருந்த கூட்டத்திலும் பாதி குறைந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் கை கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு, வராதவர்களின் பேர்களை ஒவ்வொன்றாக வாசித்துத் திட்டிக்கொண்டிருந்தேன். சோம்பேறிகள், வீட்டில் தூங்கிக்கொண்டு இருப்பார்கள் என்றேன். அவர் காபியைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பேர்களை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஊரையும் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"தூங்கல" என்றார். "இதுல ஏழு பேரு என் ஜீப்புலதான் வர்றாக."

பிறகு அவர்தான் விளக்கினார். கேரள எல்லையை அடைத்துக் கொஞ்ச நாள் கழித்து, அனுமதிச் சீட்டு வைத்திருக்கும் தொழிலாளர்களை மட்டும் விட்டார்கள். கல்லூரி இல்லாத பிள்ளைகள் அம்மாக்களோடு ஏலக்காய் எடுக்கக் கிளம்பிவிட்டார்கள். முகக் கவசமும் தலையில் துண்டும் போட்டிருந்த அவர்களை அனுமதிச் சீட்டில் இருந்த பேராலும் ஊராலும்தான் அவருக்குத் தெரியும்; என் மாணவிகள் என்று தெரியாமலே இவ்வளவு நாளும் ஏற்றிப் போயிருக்கிறார். மலை மேல் தோட்டத்துக்குள் சிக்னல் கிடையாது. நான் கேமராவைப் போடச் சொல்லிக் கூப்பாடு போட்டுக்கொண்டிருந்த பத்து மணிக்கு அந்தப் பிள்ளைகள் ஏலச் செடிக்கு அடியில் குனிந்திருந்தார்கள்.

மறுநாள் நானும் ஜீப்பில் ஏறினேன். முன் இருக்கையில் என்னைப் பார்த்ததும் பின்னால் இருந்த பிள்ளைகள் துண்டை இன்னும் இழுத்து விட்டுக்கொண்டார்கள். மலை மேல் எல்லையில் இருக்கிற போடிமெட்டில் டீக் குடிக்க நிறுத்தியபோது, ராசிங்காபுரத்துப் பெண் ஒருத்தி மட்டும் பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டாம் ஆண்டு, வகுப்பில் கடைசி பெஞ்சு. எதையோ சொல்ல வந்து தயங்கினாள். சொல்லும்மா என்றேன்.

"கேமரா போடச் சொன்னீங்க மேடம். இங்கன எதக் காட்டுறது?"

திமிராகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள். அவள் விரல்களில் காய்க் கறை ஏறிக் கறுத்திருந்தது. இந்த வருஷத்தோடு படிப்பை நிறுத்திவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள் என்றும் சொன்னாள். இறங்கும்போது நான் அவளிடம் எந்த உறுதியும் தரவில்லை. அதற்கு அடுத்த சாயங்காலம்தான் அவர் பென் டிரைவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தது.

முதல் பாடத்தை என் வழக்கப்படி நாற்பத்தைந்து நிமிஷத்துக்குப் பதிவு செய்து கொடுத்தேன். மறுநாள் அவர் திரும்பி வந்ததும் ஆவலாக, எப்படி இருந்தது என்று கேட்டேன். வருத்தப்படாமல் கேட்டுக்கொள் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, மலையடிவாரத்து முந்தல் தாண்டி நாலாவது வளைவிலேயே முக்கால்வாசிப் பேர் தூங்கிவிட்டார்கள் என்றார். கண்ணாடியில் பார்த்திருக்கிறார். நேரத்தை நிமிஷத்தில் அளக்காமல் கொண்டை ஊசி வளைவில் அளப்பது அவர் வழக்கம். "நாலு வளைவுக்கு மேல ஒரு பாடம் போகப்படாது. நாலு வளைவு பாடம், ரெண்டு பாட்டு, பெறகு நாலு வளைவு பாடம்." அப்படியே செய்தேன். அடுத்த நாள் வேறொரு குறை கொண்டுவந்தார். புத்தகத்தை வாசிக்கிற குரலில் பேசுகிறேனாம். அவரோடு சண்டை போடுகிற குரலில் பேசினால் நன்றாக இருக்குமாம். ஆரம்பத்திலேயே இரண்டு மூன்று பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடு என்றார். பேரைக் கேட்டால் எந்தத் தூக்கமும் கலைந்துவிடும். கேள்வியைப் பாடத்தின் முடிவில் வைக்காதே, போடிமெட்டு டீக்கடைக்கு ஒரு வளைவு முன்னால் வை. ஜீப்பு நின்றதும் கையில் டீயை வைத்துக்கொண்டு அதைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். திரும்பி ஏறும்போது ஒரு பதில் இருக்கும்.

கல்லூரியிலிருந்து எங்களுக்கு இணையவழிக் கற்பித்தல் பற்றி நாலைந்து பயிற்சிகள் நடத்தினார்கள். பாடத்தைச் சிறு துண்டுகளாக்குவது, இடையில் கேள்வி கேட்டு நிறுத்துவது, குழுவாகப் பேசவிடுவது, மாணவரின் வாழ்க்கையிலிருந்து உதாரணம் எடுப்பது என்று அழகான தலைப்புகளில் சொல்லிக் கொடுத்தார்கள். அப்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். ஒவ்வொன்றையும் அவர் ஏற்கெனவே வளைவுக் கணக்கில் சொல்லியிருந்தார். ஒரு வித்தியாசம் உண்டு. பயிற்சி கொடுத்தவர்கள் திரையைப் பார்த்துப் பேசினார்கள். அவர் கண்ணாடியில் முகங்களைப் பார்த்திருந்தார்.

சாயங்காலம் இறக்கத்தில் வரும்போது பிள்ளைகள் அவருடைய போனில் பதில்களைப் பேசிப் பதிவு செய்வார்கள். கியர் மாற்றுகிற சத்தம், ஹாரன், யாரோ வாந்தி எடுக்க நிறுத்தச் சொல்வது, இத்தனைக்கும் நடுவில் அந்தக் குரல்கள் வரும். கல்லூரியில் ஒருநாளும் வாய் திறக்காத பிள்ளைகள் இருட்டுக்கும் முகக் கவசத்துக்கும் பின்னால் தைரியமாகப் பேசினார்கள். நான் ஒவ்வொன்றையும் கேட்டு, அடுத்த நாள் பாடத்தின் தொடக்கத்தில் பேர் சொல்லிப் பதில் சொல்வேன். தேவை நெகிழ்ச்சி என்ற பாடம் நடந்த வாரம் ஒன்று நன்றாக நினைவிருக்கிறது. ஒரு பொருளின் விலை ஏறினால் வாங்குகிறவர்கள் குறைவார்களா என்று கேட்டிருந்தேன். பிள்ளைகள் சொல்வதற்கு முன்னால் பின்சீட்டிலிருந்து வயதான தொழிலாளி அம்மா ஒருவர் சண்டைக்கு வந்துவிட்டார். "அரிசி வெல ஏறுனா சோறு திங்காம கெடப்பமா? ஏலக்கா வெல ஏறுனா பாயாசத்துல போடாம விட்டுருவாக. அம்புட்டுத்தான்." என் கணவர் அதை அப்படியே போனில் பிடித்துக்கொண்டு வந்து என்னிடம் போட்டுக் காட்டினார். நெகிழ்ச்சியுள்ள தேவை, நெகிழ்ச்சியற்ற தேவை என்று நான் இரண்டு மணி நேரம் எடுக்கிற பாடம் அந்த ஒரு பேச்சில் முடிந்திருந்தது. அந்தக் குரலையே அடுத்த நாள் பாடமாக வைத்தேன். மறுநாள் ஜீப்பில் அந்த அம்மா தன் குரலைக் கேட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டாராம்.

ராசிங்காபுரத்துப் பெண் அந்த வருஷத் தேர்வை எழுதினாள். ஜீப்பில் வந்த ஏழு பேரும் எழுதினார்கள். ஏழு பேரும் தேறினார்கள். முடிவு வந்த அன்று அவர் மலையிலிருந்து இறங்கி வந்ததும், எல்லார் மதிப்பெண்ணையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பொருளியலில் யார் கூட, யார் குறைய என்று கேட்டு, குறைந்த பிள்ளைக்காக வருத்தப்பட்டார். அவள் உட்காருகிற இடத்தில் ஸ்பீக்கர் சரியாகக் கேட்காது, இடம் மாற்றி உட்கார வைத்திருக்க வேண்டும் என்றார்.

கல்லூரி மறுபடி திறந்தது. எங்கள் முதல்வர் இந்த ஜீப்புப் பாடத்தைப் பற்றி யாரிடமோ சொல்லியிருக்கிறார். தேனியில் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி. இணையவழி வகுப்பில் மாணவர்களை ஈர்ப்பது எப்படி என்று நான் பேச வேண்டும் என்று கடிதம் வந்தது. என் கணவர் அன்றைக்குச் சோலியை விட்டுவிட்டு என்னை ஜீப்பில் கூட்டிப்போனார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வெளியே நிற்பதாகத்தான் சொன்னார். வெயில் அதிகமாக இருந்ததால் வாசலில் இருந்தவர் உள்ளே வந்து உட்காரச் சொல்லிவிட்டார். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் நன்றாகப் பேசினேன். சிறு பகுதிகளாகப் பிரித்தல், இடைநிறுத்தக் கேள்வி, செவிவழிப் பின்னூட்டம் என்று திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். வளைவு என்ற சொல் அதில் எங்கும் வரவில்லை. முடிந்ததும் முன்வரிசையில் இருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்தார். இதில் முக்கியமானவர் அந்த ஜீப்பு ஓட்டியவர் என்று தோன்றுகிறதே, அவர் யார், அவரை எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முழங்காலின் மேல் இரண்டு கைகளும் இருந்தன.

"எங்க பக்கத்துல ஓட்டுற டிரைவர் ஒருத்தர் சார். நல்ல மனுஷர். உதவி பண்ணுனார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை எனக்குள் கேட்டுப் பார்த்திருக்கிறேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. பல வருஷம் படிவத்தில் எழுதிப் பழகிய கை போல, நாக்கும் பழகியிருந்தது. அந்தப் பேராசிரியர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். கை தட்டினார்கள். கடைசி வரிசையில் அவரும் தட்டினார்.

திரும்பி வரும்போது வழியில் நிறுத்தித் திராட்சை வாங்கினார். ஒரு கொத்தைக் கழுவி என்னிடம் கொடுத்தார். நான் ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தபோது, "நல்லாத்தான் பேசுன" என்றார். பிறகு அந்த வருஷம் மழை குறைந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். அவர் குரலில் எந்த மாற்றமும் இல்லை. இருந்திருந்தால் நான் அழுதாவது தீர்த்திருப்பேன்.

அதற்குப் பிறகும் நான் பாடங்களைப் பதிவு செய்துகொண்டுதான் இருந்தேன். வாரக் கடைசிகளில் காய் எடுக்கப் போகிற பிள்ளைகள் இருந்தார்கள். தொலைநிலைக் கல்வியில் சனிக்கிழமை இணைய வகுப்பு ஒன்றும் எனக்கு வந்திருந்தது. பென் டிரைவை அவர் எப்போதும் போலக் கொண்டுபோனார், கொண்டுவந்தார். ஆனால் குறை சொல்வது நின்றுவிட்டது. எப்படி இருந்தது மாமா என்று கேட்டால், "நீ படிச்சவ. ஒனக்குத் தெரியாததா" என்பார். குத்தலாகச் சொல்லவில்லை, ஒதுங்கி வழிவிடுகிறவர் மாதிரி சொன்னார். எத்தனையாவது வளைவில் தூங்கினார்கள் என்று எனக்குத் தெரியாமலே போனது.

அது ஒரு சனிக்கிழமை மத்தியானம். அவர் தோட்டத்திலிருந்து சீக்கிரம் திரும்பியிருந்தார். நான் அறையில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். வெளியூர் மாணவர்கள், பலர் வேலையில் இருக்கிறவர்கள், அன்றைக்கு எல்லாரும் கேமராவைப் போட்டிருந்தார்கள். பாடம் பாதியில் இருக்கும்போது அவர் வந்து கதவருகில் நின்றார். பனியனோடு இருந்தார். நெற்றியும் கழுத்தும் வேர்த்திருந்தன. ஜீப்பைக் கழுவிவிட்டு வருகிறார் என்று நினைத்தேன். இன்னும் ஓரடி எடுத்து வைத்தால் திரையில் தெரிவார். நான் பேச்சை நிறுத்தாமல், இடது கையை மேஜைக்குக் கீழே இறக்கி, இருங்கள் என்று காட்டினேன்.

அவர் தலையாட்டினார். சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அன்றைக்கு வகுப்பு நன்றாக நடந்தது. கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். நேரம் முடிந்த பிறகும் பத்து நிமிஷம் கூடவே எடுத்தேன். வெளியே வந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அருகில் பாதி குடித்த சோடாப் பாட்டில். வாயுப் பிடிப்பு என்று நினைத்துக் குடித்திருக்க வேண்டும். மாமா என்று தோளைத் தொட்டேன். தலை என் கைப்பக்கம் சாய்ந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெகுநேரம் பார்க்கவில்லை. எப்போதிலிருந்து வலி என்று சொன்னார் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. சொல்லத்தான் கதவருகில் வந்தார். சொல்ல விடவில்லை. அதை நான் டாக்டரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அழுத சொந்தக்காரர்கள் யாரிடமும் சொல்லவில்லை. இந்தத் தாளில்தான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஜீப்பில் வருகிற பெண்கள் எல்லாரும் வந்தார்கள். ராசிங்காபுரத்துப் பெண்ணும் வந்தாள். அவள் அப்போது முதுகலை சேர்ந்திருந்தாள். கூட்டம் குறையும் வரைக்கும் காத்திருந்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து போனை எடுத்தாள். ஜீப்புக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு அவர் பாடத்தோடு குரல் செய்தியும் அனுப்புவாராம். அந்த விஷயமே எனக்குத் தெரியாது. ஒன்றைப் போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டாள். தலையாட்டினேன். போட்டாள்.

"தாயி, இன்னைக்குப் பாடம் கொஞ்சம் கடுசு. ஒரு தடவ கேட்டாப் பிடிபடாது. நானே மூணு தடவ கேட்டேன். ஆனா விட்டுறாதீக. எங்க வீட்டம்மா சொன்னாச் சரியா இருக்கும்."

எங்க வீட்டம்மா. விடியும் முன்பே ஒரு ஜீப்பு நிறையப் பெண்களிடமும் தினம் தினம் இதைத்தான் சொல்வார் என்றாள். அவர்கள் எல்லாருக்கும் நான் யார் என்று தெரிந்திருந்தது. ஒரே ஒரு மண்டபத்தில், ஒரே ஒரு தடவை, கேட்ட கேள்விக்குப் பதிலாக அவர் யார் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பெண் இன்னும் நிறைய இருக்கிறது, அனுப்பட்டுமா என்று கேட்டாள். அனுப்பச் சொன்னேன். நாற்பதுக்கும் மேல் வந்தன. அவற்றில் பாதியைத்தான் இதுவரை கேட்டிருக்கிறேன். மீதியையும் கேட்டுவிட்டால் பிறகு புதிதாக அவர் சொல்வதற்கு எதுவும் இருக்காது.

இந்த வருஷம் மறுபடி ஒரு பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். முன்பு பேசிய அதே தலைப்பு. இந்த முறை இணையத்திலேயே. முதலில் வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். பிறகு ஒத்துக்கொண்டேன். எதையும் திரையில் காட்டாமல் பேசினேன். வீட்டில் நடக்கிற பேச்சு மாதிரியே பேசினேன். நாலு வளைவு, ரெண்டு பாட்டு, டீக்கடைக்கு முன்னால் கேள்வி, அரிசிக்குச் சண்டை போட்ட அம்மா, ஸ்பீக்கர் கேட்காத மூலையில் உட்கார்ந்த பிள்ளை என்று எல்லாவற்றையும் அவர் சொன்ன சொல்லிலேயே சொன்னேன். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, "அந்த ஜீப்பை ஓட்டியவர் என் கணவர்" என்று சொன்னேன். சொல்லிவிட்டு ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. யாருக்கும் அதில் வியப்பில்லை. சிலர் புன்னகை செய்தார்கள், சிலர் எழுதிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு சாதாரணமான ஒரு வாக்கியம் அது.

முடிவில் ஓர் இளம் ஆசிரியை கையைத் தூக்கினாள். மலைக்கு அந்தப் பக்கம், இடுக்கியில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறவள். தமிழ்க் குடும்பம்தான், பேச்சில் மலையாளம் கலந்திருந்தது. தன் மாணவிகளும் எஸ்டேட்டுக்குத்தான் போகிறார்கள் என்றாள். அந்தச் சேட்டன் இப்போதும் ஜீப்பு ஓட்டுகிறாரா, அவர் நம்பர் கிடைக்குமா, ஒரு தடவை பேச வேண்டும் என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மணி நேரமும் அவர் உயிரோடு இருக்கிறவர் மாதிரியே பேசியிருக்கிறேன்.

"அவர் இல்லம்மா. தவறிட்டார்" என்றேன்.

ஒருங்கிணைப்பாளர் கூட்டத்தை முடிப்பதற்காகத் தொண்டையைச் செருமினார். அந்தப் பெண் கையை இறக்கவில்லை.

"பேரு என்ன டீச்சரே? எங்க பிள்ளைககிட்ட இதச் சொல்றப்ப சும்மா ஒரு டிரைவர்னு சொல்ல வேண்டாமே."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவர் பேரை வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கள் வீடுகளில் பெண்கள் சொல்வதில்லை; படித்தும் எனக்கு அது மாறவில்லை. வங்கியில் கேட்டால் எழுதிக் காட்டுவேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கேட்டபோதுகூட ஆதார் அட்டையைத்தான் எடுத்து நீட்டினேன். மைக் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். திறந்துதான் இருந்தது. சொன்னேன். அந்தப் பெண் குனிந்து எழுதினாள். கடைசி எழுத்துச் சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

இன்னொரு தடவையும் சொன்னேன்.